நல்லா எடுத்த படம் எல்லாம் நல்ல படமா? கத்தோலிக்கர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, புதுச்சேரியில் எங்கள் பங்கின் இளையோர் கூட்டம். மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையில் பதினைந்து பேர் இருந்தோம். பேச்சு எப்படியோ அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு ரவுடிப் படத்துக்குப் போனது. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன், "மேக்கிங் வேற லெவல்ண்ணா. அந்த மழைச் சண்டை ஒண்ணு போதும்" என்றான். மரியாயின் சேனையில் இருக்கும் அக்கா ஒருவர், "அதெல்லாம் ஒரு படமா? குப்பை" என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. தம்பி போனை எடுத்துக்கொண்டான், அக்கா செபமாலையை எடுத்துக்கொண்டார்.

நான் பல ஆண்டுகளாக மறைக்கல்வி எடுக்கிறேன், சினிமாவும் விடாமல் பார்க்கிறேன். இந்தச் சண்டையை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை எடுத்து இன்னொரு கேள்விக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

புனித தோமா அக்குவினா இதை 13ஆம் நூற்றாண்டிலேயே பிரித்து வைத்தார். ஒரு பொருளைச் செம்மையாகச் செய்யும் அறிவு கலை. வாழ்க்கையில் எதைச் செய்வது என்று சரியாகத் தேரும் அறிவு விவேகம். கைவினைஞரைக் கைவினைஞராகப் பாராட்டும்போது அவர் மனம் எப்படி என்று பார்ப்பதில்லை, வேலை எப்படி வந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறோம் என்கிறார் அவர். கொல்லர் அடித்த அரிவாள் நல்ல அரிவாளா என்பது ஒரு கேள்வி. அதை வைத்து என்ன வெட்டினார்கள் என்பது வேறு கேள்வி.

தம்பியின் தவறிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் இன்று அதிகம். "நல்லா எடுத்திருக்கான், அதனால பரவாயில்லை." கலை ஏதோ தள்ளுபடி போலவும், ஒளிப்பதிவு அழகாக இருந்தால் பாவத்தில் பாதி கழிந்துவிடும் போலவும் பேசுகிறோம். உண்மையில் நடப்பது நேர்மாறு. மோசமாக எடுத்த மோசமான படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். திறமையாக எடுத்த படம்தான் உள்ளே இறங்கும். கூர் அதிகமானால் வெட்டும் ஆழமாகத்தானே விழும்?

அந்த மழைச் சண்டையைப் பிறகு நானும் பார்த்தேன். ஒருவனைக் கொன்றுவிட்டு நாயகன் எழுந்து நிற்கிறான். மழை மெதுவாகிறது. அவன் மணிக்கட்டிலிருந்து ரத்தம் இறங்கி, மோதிரத்தைச் சுற்றி, விரல் நுனியில் ஒரு கணம் தொங்கிவிட்டுச் சொட்டுகிறது. வயலின் ஏறுகிறது. கேமரா அவன் காலடியில் கிடந்து, பீடத்துக்கு முன்னால் நாம் முழந்தாளிட்டு அண்ணாந்து பார்ப்பதுபோல அவனைப் பார்க்கிறது. உடம்பெல்லாம் புல்லரித்தது எனக்கு. பொய் சொல்ல மாட்டேன், அபாரமான வேலை. பிறகுதான் உறைத்தது: செத்தவன் முகம் ஒரு தடவைகூடத் திரைக்கு வரவில்லை. அவனுக்கு வீடு உண்டா, பிள்ளை உண்டா, எதுவும் தெரியாது. ஒரு கொலையை வணங்க வைத்துவிட்டார்கள், நானும் வணங்கிவிட்டேன். அந்தப் புல்லரிப்பைத்தான் மனச்சான்றின் முன் வைத்துப் பார்க்க வேண்டும்.

அக்காவின் தவறு இதன் மறுபக்கம். ஒழுக்கக் கேடான படம் என்பதால் அதில் கலையே இல்லை என்று சாதிப்பது. பையன் கண்ணால் பார்த்திருக்கிறான், நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். கேமராவைப் பற்றி நாம் சொன்னது தப்பு என்று தெரிந்தபின், ஆன்மாவைப் பற்றி நாம் சொல்வதை அவன் ஏன் நம்பப் போகிறான்?

திருச்சபைக்குள்ளேயே இந்தத் தடுமாற்றம் இருந்திருக்கிறது. 1960இல் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'லா டோல்சே வீட்டா' படம் வந்தபோது வத்திக்கான் நாளிதழ் அதைக் கடுமையாகக் கண்டித்தது. மிலான் நகரின் சான் ஃபெதேலே மையத்தில் இருந்த இயேசு சபைக் குருக்களோ அதற்கு ஆதரவாகப் பேசினார்கள். இன்னொரு இத்தாலிய இயக்குநர் பசோலினியின் கதை இன்னும் விசித்திரம். அவர் கம்யூனிஸ்ட், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1963இல் ஒரு குறும்படத்துக்காக, மதத்தை இழிவு செய்தார் என்று இத்தாலிய நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டே மத்தேயு நற்செய்தியைப் படமாக எடுத்தார். சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் சமயம், விழுமியம், கலை என்று பிரித்து 45 படங்களின் பட்டியலை வெளியிட்டபோது, அந்தப் படம் சமயப் பிரிவிலேயே இடம் பெற்றது. எடுத்தவர் யார் என்று பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அந்த இயேசுவை நாம் பார்த்தே இருக்க மாட்டோம்.

அப்புறம், எண்ணிக்கை பார்ப்பது. எத்தனை கெட்ட வார்த்தை, எத்தனை கொலை, எத்தனை நிமிடம் குடிக்கிறார்கள். இப்படி எண்ணினால் திருவிவிலியமே தேறாது. 2 சாமுவேல் 11, 12ஆம் அதிகாரங்களை எடுத்துப் பாருங்கள். தாவீது பத்சேபாவைப் பார்த்தது, அழைத்தது, அவள் கருவுற்றது எல்லாம் நான்கு வசனங்களில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் கணவர் உரியாவின் கொலைக்கும் இறைவாக்கினர் நாத்தானின் கண்டனத்துக்கும்தான் நீண்ட இடம். பாவத்தை மறைக்கவில்லை, ஆனால் அதில் நின்று ருசிக்கவும் இல்லை. படத்திலும் இதைத்தான் பார்க்க வேண்டும்: கேமரா எங்கே நிற்கிறது, எதை அவசரமாகத் தாண்டுகிறது, யார் வலியை நமக்குத் தருகிறது. சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட ஆணையும் இதையே சொல்கிறது. தீமையைக் காட்டுவது மனிதனை ஆழமாக அறிய உதவலாம், ஆனால் அறநெறிக்குக் கலை கட்டுப்பட்டதே.

தணிக்கைச் சான்றிதழையும் இதோடு குழப்ப வேண்டாம். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ பிரிவே 7+, 13+, 16+ என்று மூன்றாகிவிட்டது. அது வயதுக்கான வழிகாட்டி, அவ்வளவுதான். 'யு' வாங்கிய படத்தில் ஒரு பெண்ணை விடாமல் துரத்துவதைக் காதல் என்று காட்டியிருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் "கதைக்குத் தேவைப்பட்டது" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. திரையில் கொலை நடந்தால் அது நடிப்பு, செத்தவர் எழுந்து சாப்பிடப் போய்விடுவார். ஆடையில்லாத உடல் நடிப்பு இல்லை. அந்த உடல் நிஜமான ஒருவருடையது, அவர் உண்மையாகவே பல பேர் முன்னால் அப்படி நின்றார். அவரும் யாரோ பெற்ற பிள்ளை. அந்தக் காட்சி எவ்வளவு கவித்துவமாக இருந்தாலும், நம் டிக்கெட் காசில் ஒரு பங்கு அதற்குப் போகிறது.

"நான் பெரியவன், என்னை ஒன்றும் செய்யாது" என்பவர்கள் புனித அகுஸ்தீனாரின் நண்பர் அலிப்பியுஸ் கதையைப் படிக்கலாம். நண்பர்கள் வற்புறுத்தி அவரை ரோமில் வாள்வீரர்கள் மோதும் அரங்குக்கு இழுத்துப் போனார்கள். உடல்தான் இங்கே இருக்கும், மனம் இருக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் ஓவென்று கத்தியதும் கண்ணைத் திறந்தார். அதன் பிறகு அவரே மற்றவர்களையும் கூட்டிப் போகிற ஆளாகிவிட்டார்.

அதே நேரம், எனக்கு ஆகாதது எல்லோருக்கும் ஆகாது என்று சட்டம் போடுவதும் தவறு. இங்கே எனக்கு வீரமாமுனிவர் நினைவுக்கு வருகிறார். நம் கடலூர் மாவட்டத்தில் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோவிலைக் கட்டியவர். திருக்குறளை லத்தீனில் மொழிபெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் எடுத்துக்கொண்டு, காமத்துப்பாலை விட்டுவிட்டார். மூன்றாம் பால் இருக்கிறது என்பதற்காக முழு நூலையும் ஒதுக்கவில்லை. இந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். ஒரு படத்தைப் பாதியில் நிறுத்துவதற்கும் இதே சுதந்திரம் நமக்கு உண்டு. பார்க்காமலே விட்டுவிடலாம், அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பார்க்காத படத்தில் என்ன இருக்கிறது என்று மேடையில் பேசக் கூடாது.

சிலைகளுக்குப் படைத்த உணவைப் பற்றிப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை வீட்டில் நினைத்துக்கொள்வது நல்லது. தான் உண்பதால் சகோதரர் இடறி விழுவார் என்றால் இறைச்சியே வேண்டாம் என்றார் அவர். எனக்குப் பாதிப்பில்லாத படம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயது மருமகனுக்கு வேறு மாதிரி இருக்கும். குடியை விட்டு ஆறு மாதமான நண்பரை, குடியைக் கொண்டாடும் படத்துக்கு அழைத்துப் போவது எப்படி நட்பாகும்?

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அந்தத் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "செத்தவன் முகத்தை எங்கேயாவது காட்டினாங்களா?" கொஞ்ச நேரம் யோசித்தான். "இல்லண்ணா. நான் கவனிக்கவே இல்ல" என்றான். அக்கா செபமாலையைப் பைக்குள் வைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். "சரி, அந்த மழையை எப்படிப்பா அவ்வளவு மெதுவா விழ வச்சாங்க?" என்று கேட்டார். அவன் இரண்டு கையையும் தூக்கி, கேமரா எங்கே இருந்திருக்கும் என்று காட்டத் தொடங்கினான்.