ஏற்காட்டில் தங்கிய இரண்டு இரவு, ஏறாத பாயின்ட்

ஏற்காட்டில், நான் மெம்பராக இருக்கும் ஹோட்டல் குழுமத்தின் ரிசார்ட்டில் இரண்டு இரவு தங்கினோம். சேலத்துக்கு இறங்கிப் பத்து நாளாகியும், தங்கினால் மெம்பர் கணக்கில் சேர வேண்டிய பாயின்ட் ஏறவில்லை. ஆப்பை அழித்து மறுபடி போட்டேன், பயனில்லை. கஸ்டமர் கேரில் மூன்று முறை பேசியும், 'நீங்கள் தங்கியதாகப் பதிவே இல்லை' என்றார்கள். வேறு தளத்தில் புக் செய்தால் பெரும்பாலும் பாயின்ட் கிடைக்காது, சரி. நான் அவர்கள் ஆப்பிலேயேதான் செய்திருந்தேன்.

அப்புறம் பில்லை உற்றுப் பார்த்தேன். மெம்பர் எண் இருக்க வேண்டிய இடம் காலி. ஆதாரைப் பார்த்து, 'கே' என்ற இனிஷியலையே குடும்பப் பெயராக அடித்திருந்தார்கள். மெம்பர் கணக்கிலோ அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு நான் வேறு ஆள்!

பில்லோடு, முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரையும் சேர்த்து, விடுபட்ட பாயின்ட் கேட்கும் படிவத்தில் அனுப்பினேன். நான்காம் நாள் இரண்டு இரவுக்கான பாயின்டும் ஏறிவிட்டது. அப்பாடா!