தருமபுரி, கிருஷ்ணகிரி மேடுகளில் சைக்கிள்: தவறெல்லாம் திரும்பும்போதுதான் தெரியும்

ஒகேனக்கல்லுக்கு சைக்கிளில் போவது ரொம்பச் சுலபம். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டி மலைப்பாதை வந்துவிட்டால் மிதிக்கவே வேண்டாம், இரண்டு பக்கமும் காடு, காதில் காற்று விசிலடிக்கும், கீழே போய் ஆற்றில் ஒரு முங்கு முங்கி எழுந்து மீன் வறுவல் சாப்பிட்டு ஃபோட்டோ போட்டு முடிக்கும்போது மணி பன்னிரண்டாகியிருக்கும். இறங்கிய அத்தனையும் இனி ஏற வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். 200 மீட்டருக்கு மேல் உயரம், வயிறு நிறைய மீன், மண்டைக்கு மேல் சித்திரை வெயில், மலைப்பாதையில் தண்ணீர் வாங்க ஒரு கடை கிடையாது. முதல் தடவை போனபோது பாதி மலை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மீதிக்கு ஒரு மினி லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். "ஏன்ணா, இறங்கறப்ப தெரியலையா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார், ஆனால் அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

நம் பக்கம் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் செய்கிற முக்கால்வாசித் தவறுகள் இந்த வகைதான். போகிறபோது செய்வதை வருகிறபோது அனுபவிக்கிறோம்.

முதல் தவறு கிலோமீட்டரை நம்புவது. தஞ்சாவூர்ப் பக்கம் 80 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் இங்கே 50 ஓட்டினாலே கால் பேசும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர், கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500. நடுவில் இருப்பது ஒரே சீரான ஏற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். ராயக்கோட்டை வழியாகப் போனால் ஒரு மேடு ஏறி, ஓடைக்கு இறங்கி, ஏறினதையெல்லாம் தொலைத்துவிட்டு மறுபடி ஏறவேண்டும். வரைபடத்தில் தூரத்தைப் பார்க்கிற நேரத்தில் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள், அந்த எண்தான் முக்கியம். அப்புறம், எப்போதும் தாழ்வான ஊரிலிருந்து கிளம்பி உயரமான ஊரில் திரும்புங்கள். ஒகேனக்கல் இதற்கு நேர்த் தலைகீழ், அதனால்தான் அது எல்லோரையும் மாட்டிவிடுகிறது.

இதே கணக்குதான் காற்றுக்கும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அம்மியையே நகர்த்தும் என்பார்கள், சைக்கிள்காரன் எம்மாத்திரம்? கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர், ஊத்தங்கரை என்று கிழக்கே கிளம்பினால் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். 'இன்றைக்கு நல்ல ஃபார்மில் இருக்கிறோம்' என்று நினைத்துக்கொள்வோம். ஃபார்மெல்லாம் இல்லை, காற்று. திரும்பும்போது தலையைக் குனிந்து மூக்கால் ஓட்ட வேண்டியிருக்கும். காலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும். அதனால் அந்த மாதங்களில் காலையில் மேற்கே போய்விடுங்கள். ராயக்கோட்டைப் பக்கம் மேடும் மேற்கில்தான், காற்றும் மேற்கில்தான். காலையில் இரண்டையும் சேர்த்து அனுபவித்துவிட்டால் பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வருவது சொகுசு.

கியர் விஷயத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும்: மேடு ஏற ஆரம்பித்த பிறகு மாற்றாதீர்கள். கால் முழு பலத்தோடு அழுத்தும்போது முன்பக்கப் பல்சக்கரத்தை மாற்றினால் செயின் 'கடக்' என்று கழன்று விழும், நீங்களும் பக்கவாட்டில் விழலாம். பள்ளத்தின் அடியை நெருங்கும்போதே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். முதல் மேட்டில் எழுந்து நின்று மிதித்து வீரம் காட்டுவதும் வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும், இன்னும் பதினைந்து மேடு இருக்கிறது.

இறக்கத்தில் வேகம் சேர்த்து அடுத்த மேட்டில் பாதி தூரம் இலவசமாக ஏறிவிடலாம் என்பது நல்ல யோசனை மாதிரிதான் தெரியும். ஆனால் இங்கே பள்ளத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு தரைப்பாலம் இருக்கும், அதன்மேல் போன மழையில் வந்த மணல் இருக்கும், அதைத் தாண்டினால் ஊர் தொடங்கும். ஊர் தொடங்குகிற இடத்தில் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை. வழி தெரியாத ரோட்டில் பிரேக்கிலிருந்து விரலை எடுக்காதீர்கள்.

இனி ராகி. கார்த்திகையிலிருந்து தை வரை இந்தப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அறுத்த ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறித் தாமாக அடித்துக் கொடுக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் மெத்தை மாதிரி அழகாக இருக்கும். மேலே இருப்பது வழுக்குகிற தாள், அடியில் இருப்பது உதிர்ந்த ராகி, ஒவ்வொன்றும் ஒரு பேரிங் குண்டு. மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு வளைவு திரும்பியதும் இதில் போய் இறங்கினேன், பதற்றத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன், சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விளக்குமாற்றோடு நின்றிருந்த பாட்டி ஓடி வந்தார். முழங்கை சிராய்ப்பைப் பார்த்தார். "பாத்து எந்திரி கண்ணு, ராகியில ரத்தம் பட்டுடப் போகுது" என்றார். சரி, அவர் ஆறு மாதப் பாடு அது. ராகி கண்ணில் பட்டால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன்மேல் போகும்போது பிரேக்கும் பிடிக்காமல், ஹேண்டிலையும் திருப்பாமல் நேராகப் போங்கள். வளைவாக இருந்தால் இறங்கித் தள்ளுவதே மேல். தாண்டியதும் நிறுத்திப் பின் கியரைப் பாருங்கள். தாள் சுற்றியிருக்கும், அப்படியே மிதித்தால் கியர் தொங்குகிற கொக்கி வளைந்துவிடும்.

பஞ்சர் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறார்கள். ரோட்டோரம் நெருஞ்சி, வெட்டிக் கொண்டுபோகும்போது உதிர்ந்த வேலிக்காத்தான் முள், கிரானைட்டும் ஜல்லியும் ஏற்றிய லாரி சிந்திய சில்லு, மூன்றும் இங்கே தாராளம். டியூபை மாற்றுகிற அவசரத்தில் டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்க மறந்துவிடுவார்கள். முள் அங்கேயே இருக்கும், புது டியூப் அடுத்த திருப்பத்துக்குள் போய்விடும். கிராமத்துப் பஞ்சர் கடைக்காரர் எந்த டியூபையும் ஒட்டிக் கொடுத்துவிடுவார், ஆனால் உங்கள் மெல்லிய பிரெஸ்டா வால்வில் அவருடைய கம்ப்ரசர் குழாய் உட்காராது. அதற்கென்று விரல்நுனி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் வருகிறது, வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். காற்றையும் கல்லு மாதிரி அடிக்க வேண்டாம். 70 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் 70, 75 பி.எஸ்.ஐ. போதும், இந்த ரோட்டில் அதற்கு மேல் அடித்தால் பல்லு ஆடும்.

மேற்கே போகச் சொன்னேன், சரி. அந்த மேற்கில்தான் யானையும் இருக்கிறது. தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் நடுவில் சானமாவு. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தது இந்தக் காட்டின் ஒரு பகுதியைத்தான். ராகி முற்றுகிற நேரத்தில் கர்நாடகாவின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக வந்து சேரும். சைக்கிள்காரர்கள் வெயிலுக்குப் பயந்து நாலரை மணிக்கே கிளம்புவார்கள், யானை காட்டுக்குத் திரும்புகிற நேரமும் அதுதான். காரில் போகிறவனுக்காவது ஹாரன் இருக்கிறது, சைக்கிளோ சத்தமே இல்லாமல் பக்கத்தில் போய் நிற்கும், யானையிடம் அது மட்டும் கூடாது. அஞ்செட்டி ரோட்டில் நன்றாக விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் கால் வைக்காதீர்கள். கிளம்பும்போது டீக்கடையில் "எங்க நிக்குது?" என்று கேளுங்கள். எது என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

தேசிய நெடுஞ்சாலை வழவழப்பாக இருக்கிறதே என்று தொப்பூர் கணவாயில் இறங்குகிற ஆசை சிலருக்கு உண்டு. வேண்டாம். சுமையேற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதுகிற இடம் என்று ஊரறிந்த இறக்கம் அது.

தண்ணீர் இரண்டு பாட்டில், ஒன்றில் உப்பும் எலுமிச்சையும். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம், மணிக்கு ஒரு தடவை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ உள்ளே போக வேண்டும். நடுவழியில் களியும் கறிக்குழம்பும் மட்டும் கூடாது, அதைத் தின்றுவிட்டு மேடு ஏறியவரை நான் பார்த்ததில்லை, மரத்தடியில் தூங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள், முக்கால்வாசி நாய்க்கு அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாது.

ஒகேனக்கல்லுக்கு இப்போதும் போகிறேன். பென்னாகரத்தில் நன்றாக விடிய விட்டு இறங்குவேன், ஆற்றைப் பார்ப்பேன், ஏழரைக்கெல்லாம் ஏற ஆரம்பித்துவிடுவேன். அந்த நேரத்துக்கு யாரும் மீன் வறுப்பதில்லை, அது ஒன்றுதான் குறை.