மலை ஓட்டம்: ஏற்றத்துக்குப் பயந்து இறக்கத்தில் கோட்டை விடாதீர்கள்

பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையிலும் கப்பன் பூங்காவிலும் ஓடிப் பழகி, டிசிஎஸ் வேர்ல்டு 10கே போன்ற நகரப் போட்டி ஒன்றை முடித்த தெம்பில் இருப்பவர்களுக்கு அடுத்த ஆசை நகருக்கு வெளியே நந்தி மலையில் ஏறி இறங்கும் ஓட்டப் போட்டிதான். பெயர் கொடுத்த நாளிலிருந்து அவர்கள் ஏற்றத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் காலைக் காவு வாங்குவது இறக்கம். இதை முன்கூட்டியே யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

ஏற்றத்தில் பலரும் செய்யும் தவறு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுவது. நந்தி மலையின் உயரம் 1,478 மீட்டர். பெங்களூரே 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது என்றாலும், மிச்ச உயரத்தின் பெரும்பகுதியைக் கடைசி எட்டு கிலோமீட்டருக்குள், வளைவுக்கு மேல் வளைவாக ஏறியாக வேண்டும். சமதளத்தில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் எடுப்பவருக்கு இங்கே 8 நிமிடம் ஆவது இயல்பு. அதைச் சரிக்கட்டத் துடித்தால் பாதி மலையிலேயே கால் சோர்ந்துவிடும். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிகிற வரை ஓடுங்கள். திணறினால் வேகமாக நடங்கள். எங்கள் பகுதியில் நீண்ட காலமாக ஓடிவரும் பெரியவர் ஒருவர் புதியவர்களிடம் சொல்வது இதுதான்: “தம்பி, மலையில் நடப்பதற்கு வெட்கப்படாதே. மேலே போய்ச் சேர்ந்த பிறகு யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.”

வளைவுகளில் தூரம் குறைவு என்று எல்லாரும் உள் ஓரத்தை ஒட்டியே ஏறுகிறார்கள். சாலை மிகவும் செங்குத்தாக இருப்பது அந்த ஓரத்தில்தான். போட்டிக்காகச் சாலையை மூடியிருந்தால், கொஞ்சம் விலகி அகலமாகத் திரும்புங்கள். மூடாத சாலையில், அதிலும் விடியலைப் பார்க்க வாகனங்கள் விரையும் வார இறுதியில், அந்த எண்ணமே வேண்டாம்.

இனி இறக்கம். உச்சியைத் தொட்டுத் திரும்பியதும் மூச்சு சீராகிவிடும். உடம்பு தேறிவிட்டது என்று நம்பி, விட்ட நேரத்தைப் பிடிக்கக் காலை எட்டிப் போடுவார்கள். ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தடுத்து நிறுத்துவது தொடையின் முன்பக்கத் தசை. இழுபட்டு நீண்டபடியே பாரத்தைத் தாங்குவதால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி அன்றே தெரியாது. ஞாயிறு ஓடியவர் செவ்வாய்க்கிழமை மெட்ரோ நிலையப் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டாக ஒவ்வொரு காலாக இறக்கி வைப்பார். பாஸ்டன் மாரத்தானின் முற்பகுதி பெரும்பாலும் சரிவு. அங்கே வேகமெடுத்தவர்கள் 26 கிலோமீட்டருக்குப் பிறகு வரும் நியூட்டன் மேடுகளில் தொடை செயலிழந்து தவிப்பது ஓட்டக்காரர்கள் அறிந்த கதை.

அடியைக் குட்டையாக வையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பின்னால் சாய்ந்து குதிகாலால் நிறுத்த முயன்றால் முழங்காலுக்குத்தான் அடி. பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், இறக்கத்தில் ஒருமுறை அளவாக ஓடிப் பழகினாலே தசை கற்றுக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். போட்டிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் மல்லேஸ்வரம் பக்கத்துச் சரிவான தெரு ஏதாவது ஒன்றில் மேலே நடந்து, கீழே ஓடிப் பாருங்கள். கடைசி வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். முந்தைய நாளே நகத்தை வெட்டிவிடுங்கள். காலணியின் மேல் கடைசித் துளைவரை நாடாவைக் கோத்து கணுக்காலோடு இறுக்கினால், பாதம் முன்னால் வழுக்கி நகம் கறுத்துப்போகாது.

குளிர்ந்த காலை என்று தண்ணீரை மறப்பதும் தவறு. பயந்துபோய் வழியில் உள்ள ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் என்கிற உப்புச்சத்து குறைந்திருந்தது; அளவுக்கு மீறிக் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடித்தால் போதும். வலி வருவதற்கு முன்பே வலி நிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

மலை ஓட்டத்துக்கு அடுத்த ஞாயிறு நகரத்தில் இன்னொரு போட்டி இருந்தால், இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.