தோலுக்குச் சாயமேற்றும்போது நிறம் தவறுவது எதனால்?

கையால் செய்த தோல் பொருளின் நிறம் எதிர்பார்த்தபடி அமையாதபோது, பழி பெரும்பாலும் சாயத்தின் மீதே விழுகிறது. உண்மையில் தவறு பல நேரங்களில் சாயப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சாயம் ஒளிபுகும் தன்மை உடையது. தோலின் இழைகளுக்குள் இறங்கி, அங்கு ஏற்கெனவே இருக்கும் நிறத்தோடு கலந்துதான் கண்ணுக்குத் தெரிகிறது. இயல்பாகவே மஞ்சள் கலந்த வெளிர்பழுப்பாக இருக்கும் தோலில் நீலச் சாயம் பச்சை சாயலுடன் தெரிவது இதனால்தான். தோலின் சொந்த நிறத்தைவிட வெளிறிய நிறத்தைச் சாயத்தால் கொண்டுவரவே முடியாது.

முதலில் கவனிக்க வேண்டியது தோல் எவ்வாறு பதனிடப்பட்டது என்பது. மரப்பட்டை முதலியவற்றில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளால் பதனிட்டு, மேற்பூச்சு எதுவும் இடாமல் விடப்பட்ட தோல் சாயத்தை நன்றாக ஏற்கும். கடைகளில் கிடைக்கும் குரோம் தோலில் (குரோமிய உப்புகளால் பதனிட்டது) பெரும்பகுதி முன்பே நிறமும் பூச்சும் ஏற்றப்பட்டு வருவதால், அதன் மேல் இடும் சாயம் உள்ளே இறங்காமல் மேற்பரப்பிலேயே தங்கி, பின்னர் கையிலும் துணியிலும் ஒட்டுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்த்தால் போதும்: அது ஊறாமல் உருண்டு நின்றால், அந்தத் தோல் சாயத்தையும் எளிதில் ஏற்காது.

சோதனைத் துண்டைத் தவிர்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. சோதிப்பவர்களிலும் பலர் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு துண்டில் சோதித்து ஏமாறுகிறார்கள். ஒரே தோலிலேயே முதுகுப் பகுதி அடர்த்தியாகவும் வயிற்றுப் பகுதி தளர்வாகவும் இருப்பதால், வயிற்றுப் பகுதி அதிகச் சாயத்தை உறிஞ்சிக் கறுத்துவிடும். ஆகவே பொருளுக்கு வெட்டிய இடத்தை ஒட்டிய துண்டையே எடுத்துக்கொண்டு, சாயம், எண்ணெய், மெருகுப்பூச்சு ஆகிய எல்லாப் படிகளையும் அதே வரிசையில் செய்து முடித்த பிறகே நிறத்தை மதிப்பிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது நிறம் அடர்த்தியாகத் தெரியும், உலர்ந்ததும் வெளிறும், எண்ணெயும் மெருகும் ஏறியதும் மறுபடி அடர்த்தியாகும். இடையில் எந்தக் கட்டத்தில் பார்த்து முடிவெடுத்தாலும் அது பிழையாகவே முடியும்.

திட்டுத் திட்டாக நிறம் பிடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் கைரேகையின் எண்ணெய்ப்பசையும், ஒட்டப் பயன்படுத்தி காய்ந்துபோன பசையுமே. இவை பட்ட இடத்தில் சாயம் இறங்காது. அதனால் ஒட்டுவதற்கும் தைப்பதற்கும் முன்பே சாயமிடுவது நல்லது, நூலிலும் கறை படியாது. ஆல்கஹால் சார்ந்த சாயம் விரைவாக உலர்வதால், ஒரு இழுப்பின் மேல் மற்றொன்று ஏறிய இடங்கள் கோடுகளாக நின்றுவிடும். அதற்குரிய கரைப்பானைச் சேர்த்து நீர்க்கச் செய்து, மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொரு முறையும் திசையை மாற்றி இட்டால் நிறம் சீராக ஏறும். ஒரே பூச்சில் முழு அடர்த்தியையும் எட்ட முயல்வது கோடுகளையே தரும். நீர்க்கச் செய்த கலவையை முழுப் பொருளுக்கும் போதுமான அளவு ஒரே தடவையில் தயாரித்து, விகிதத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் தீர்ந்து மீண்டும் கலந்தால் அதே நிறம் வருவது அரிது.

கறுப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. அடர்த்தியான சாயம் மிகுந்து, இழைகளுக்குள் போகாத துகள் மேலே படிந்து, சில வேளைகளில் வெண்கல நிறத்தில் மின்னும். ஒரு நாள் உலரவிட்டு, துணியில் நிறம் ஒட்டாத வரை அழுத்தித் துடைத்த பிறகே மெருகுப்பூச்சு இட வேண்டும். இல்லையெனில் பூச்சே அந்தத் துகளை இழுத்துப் பக்கத்து வெளிர்நிறப் பகுதிக்குப் பரப்பும்.

டானின் தோலில் ஈரத்தோடு இரும்பு பட்டால் நீலக்கறுப்புக் கறை விழும். இரும்புத் தூள் ஒட்டிய மேசையும் துருப்பிடித்த கருவியும் அதற்குப் போதும். ஆக்சாலிக் அமிலத்தின் நீர்த்த கரைசல் இக்கறையை நீக்கும். அது நச்சுத்தன்மை உடையது என்பதால் கையுறை கட்டாயம். சாயம் ஏறிய பின் அதைப் பயன்படுத்தினால் நிறமும் மாறக்கூடும் என்பதால், கறையைச் சாயத்துக்கு முன்பே அகற்றிவிட்டு, தோலை நன்றாகக் கழுவி, முழுவதும் உலர்ந்த பின் வேலையைத் தொடங்க வேண்டும்.