வீட்டு ஷெட்டில் கார் பெயின்ட்: கையைக் கடிக்காத க்ளியர் கோட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பேஸ் கோட் என்ற நிறப்பூச்சு வரை ஒழுங்காக அடித்துவிட்டு, அதன் மேல் அடிக்கும் நிறமில்லாத க்ளியர் கோட்டில் காசை மிச்சம் பிடிக்கப் போய் மொத்த வேலையையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். வெயிலையும் மழையையும் முதலில் வாங்குவது இந்த மேல்பூச்சுதான், அதனால் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் 1கே வேண்டுமா, 2கே வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். 1கே அப்படியே அடிக்கிற ரகம். தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும், விலையும் குறைவு. ஆனால் பெட்ரோல் பட்டால் மறுபடி இளகிவிடும். என் பைக் டேங்குக்கு முதலில் 1கே ஸ்ப்ரே டப்பாவைத்தான் அடித்தேன், அடித்த அன்று கண்ணாடி மாதிரி பளபளத்தது, ஆனால் பங்கில் பெட்ரோல் சிந்திய இடமெல்லாம் மங்கிப் பிசுபிசுத்து, கடைசியில் முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. 2கேயில் ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலப்பதால் அது வேதிவினையில் இறுகுகிறது, பெட்ரோலையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும். டேங்க், பானெட், கூரை எல்லாவற்றுக்கும் 2கேதான். கண்ணில் படாத சின்னப் பாகத்துக்கு 1கே போதும்.

அடுத்து விலை. டின் விலையை மட்டும் கேட்காதீர்கள், க்ளியர், ஹார்ட்னர், தின்னர் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். க்ளியரும் ஹார்ட்னரும் 2:1 என்று கலக்கும் ரகத்துக்கு அரை லிட்டர் க்ளியர் வாங்கினால் கால் லிட்டர் ஹார்ட்னர் வேண்டும், 4:1 என்றால் அதில் பாதிதான். ஒரு பானெட்டுக்கு அரை லிட்டர் க்ளியரே தாராளம். பெரிய டின் மலிவு என்று வாங்கி வைத்தால், திறந்த ஹார்ட்னர் காற்றின் ஈரத்தை இழுத்துக் கலங்கிக் கெட்டுவிடும், அப்புறம் அந்தக் காசு வீண்தான். ஒரு பிராண்டின் க்ளியருக்கு இன்னொன்றின் ஹார்ட்னரை ஊற்றவே ஊற்றாதீர்கள், கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னாலும் சரி.

ஹார்ட்னரில் ஃபாஸ்ட், நார்மல், ஸ்லோ என்று உண்டு. சித்திரை வெயிலில் தர்மபுரியில் ஃபாஸ்ட் போட்டால் பூச்சு சமமாகப் பரவும் முன்பே இறுகி, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கும். வெயில் காலத்துக்கு ஸ்லோ, மார்கழிக் குளிருக்கு நார்மல். ஸ்லோ என்றால் காய நேரமாகும், அதற்குள் தூசு வந்து ஒட்டும், அதிலும் கிருஷ்ணகிரியில் கிரானைட் லாரி போகும் சாலையோர வீடு என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, பனி விலகியதும் வெயில் ஏறுவதற்குள் அடித்து முடியுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஆபத்தான அளவை வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முகத்தில் கட்டும் துணி எதற்கும் உதவாது. ஆவிக்கும் துகளுக்கும் சேர்த்து ஃபில்டர் உள்ள மாஸ்க், கண்ணாடி, கையுறை இவையெல்லாம் குறைந்தபட்சம். வெளிக்காற்றைக் குழாயில் தரும் மாஸ்க் கிடைத்தால் அதுதான் சிறந்தது. ஷெட் கதவைத் திறந்து வையுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். ஏற்கெனவே வீசிங் இருப்பவர்கள் இந்தக் கட்டத்தைப் பெயின்டிங் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

சரி, அடிக்கும் முறை. பேஸ் கோட் ஈரப்பளபளப்பு போய் மங்கலாகக் காய்ந்ததும், அதைத் தேய்க்காமல், முதல் கோட்டை மெல்லிசாக அடியுங்கள். டின்னில் போட்டிருக்கும் இடைவெளி விட்டு, பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், இரண்டாவதைக் கொஞ்சம் ஈரமாக அடியுங்கள். வழிந்தால் துடைக்காதீர்கள், நன்றாக இறுகிய பிறகு 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்துப் பாலிஷ் காம்பவுண்ட் போட்டால் சரியாகிவிடும். அடித்து முடித்த கையோடு ஸ்ப்ரே கன்னைத் தின்னரில் கழுவிவிடுங்கள், கலந்த 2கே உள்ளேயே இறுகிவிட்டால் அந்தக் கன்னைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.