பேரரசர் பட்டத்தைத் தக்கவைப்பது எப்படி? யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-இல் தேர்தலும் கூட்டணியும், புதியவர்களுக்காக

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்பது ஒரு நாட்டை எடுத்து ஆளும் கணினி விளையாட்டு. அதைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் படையைத்தான் பார்ப்பார்கள். எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பக்கத்து நாட்டுக்காரன் எங்கே இளைத்துக் கிடக்கிறான், எந்தக் கோட்டையை முதலில் முற்றுகையிடலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆஸ்திரியாவை எடுத்து இருபது வருடம் ஒரு போரிலும் தோற்காமல் ஆடினேன். ஒரு நாள் என் அரசர் இறந்தார். திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. புனித ரோமானியப் பேரரசின் புதிய பேரரசர் போஹேமியாவின் மன்னர். என் நாட்டில் ஒரு கோட்டைகூட விழவில்லை, ஆனால் அதுவரை ஆஸ்திரியாவிடம் இருந்த பேரரசர் பட்டம் போய்விட்டது. மத்திய ஐரோப்பாவின் பல அரசுகள் சேர்ந்த கூட்டமைப்பு இந்தப் பேரரசு, அதன் பேரரசரை வாக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

அன்றைக்கு எனக்கு உறைத்தது ஒன்றுதான். பேரரசுக்குள் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு கூட்டணியும் ஒரு வாக்கு, நீங்கள் தொடங்கும் ஒவ்வொரு போரும் அந்த வாக்கை அசைக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆஸ்திரியாவோடு முதல் ஆட்டத்தை ஆடிப் பார்ப்போம்.

படி 1: ஆட்டத்தை ஓட விடாதீர்கள்

ஆட்டம் 1444 நவம்பர் 11-இல் நின்ற நிலையில் தொடங்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டுவதற்கு முன் பேரரசுத் திரையைத் திறந்து பாருங்கள். ஆஸ்திரியாவின் மூன்றாம் பிரீட்ரிச்தான் பேரரசர் இடத்தில் இருப்பார். கூடவே ஏழு நாடுகள் இருக்கும்: மைன்ஸ், ட்ரியர், கொலோன், போஹேமியா, பலாட்டினேட், சாக்ஸனி, பிராண்டன்பர்க். இவைதான் எலெக்டர்கள், அதாவது வாக்குரிமை உள்ள அரசுகள். இந்த ஏழு பேர் ஏற்பாடு கேமுக்காகக் கற்பனை செய்தது அல்ல. 1356-இல் பேரரசர் நான்காம் சார்லஸ் வெளியிட்ட பொன் சாசனம் எழுதிவைத்த முறை அது.

பேரரசர் இறந்ததும் இந்த ஏழு பேரின் வாக்கு எண்ணப்படும். யாருக்கு அதிக வாக்கோ அவர் பேரரசர். நான்கு கிடைத்தால் கவலையே இல்லை. வாக்குகள் சிதறினால் மூன்றிலேயே ஜெயிக்கலாம். அதனால் உங்கள் வாக்கு எவ்வளவு என்பதோடு இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு எவ்வளவு என்பதையும் எப்போதும் சேர்த்தே பாருங்கள்.

படி 2: ஒவ்வொருவரும் ஏன் அப்படி வாக்களிக்கிறார்கள் என்று படியுங்கள்

எலெக்டரின் பெயர் மேல் மவுஸை வைத்தால் அவர் இப்போது யாரை ஆதரிக்கிறார், எதனால் என்று பட்டியல் வரும். பச்சை எண்கள் உங்களுக்குச் சாதகம், சிவப்பு எண்கள் பாதகம். உங்கள் மேல் அவருக்கு இருக்கும் நல்லெண்ணம், கூட்டணி, அரச குடும்பத் திருமணம், ராஜதந்திர மதிப்பு இவையெல்லாம் கூட்டும். வேறு மதம் குறைக்கும்.

புதியவர்கள் இந்தப் பட்டியலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். ஏழு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஒவ்வொருவரின் பெரிய சிவப்பு எண் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் இதைச் செய்கிறேன். முதல் பத்து வருட ராஜதந்திரத்துக்கு அந்தத் தாள் போதும்.

படி 3: பேராயர்கள் வேறு, மன்னர்கள் வேறு

மைன்ஸ், ட்ரியர், கொலோன் மூன்றையும் ஆள்பவர்கள் பேராயர்கள். அவர்களோடு திருமண உறவு வைக்க முடியாது, பொத்தானே அனுமதிக்காது. ஆக, கல்யாணம் என்ற கருவி மற்ற நால்வரிடம் மட்டுமே வேலை செய்யும்.

இதிலிருந்து ஒரு திட்டம் கிடைக்கிறது. சாக்ஸனி, பிராண்டன்பர்க், பலாட்டினேட் ஆகியோருக்கு முதலில் கல்யாணம், முடிந்தால் கூட்டணி. உங்களிடம் இருக்கும் டிப்ளோமேட்டுகளை, அதாவது தூதர்களை, பேராயர்களிடம் அனுப்பி 'இம்ப்ரூவ் ரிலேஷன்ஸ்' (உறவை வளர்க்கும் வேலை) போடுங்கள். நல்லெண்ணம் மெதுவாக ஏறும், 100 வரை போகும். ஒருவரிடம் நிறைந்ததும் அடுத்தவரிடம் மாற்றுங்கள். விட்டுவிட்டு வந்தால் சேர்த்த நல்லெண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பிப் போக வேண்டும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரிதான், ஒரு பாத்தி நனைந்ததும் மடையை மாற்றிவிட வேண்டும்.

பேராயர்களின் நாடுகள் மிகச் சிறியவை. போரில் அவர்களின் படை உங்களுக்குப் பெரிதாக உதவாது. ஆனால் தேர்தலில் மைன்ஸின் ஒரு வாக்கும் போஹேமியாவின் ஒரு வாக்கும் ஒன்றே. சண்டைக்காக மட்டும் கூட்டாளி தேடியிருந்தால் இந்த மூவரை நீங்கள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

போஹேமியாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எலெக்டர் தனக்கே வாக்குப் போட்டுக்கொள்ளலாம், வலுவான எலெக்டருக்கு அந்த ஆசை சீக்கிரம் வரும். அந்த வாக்கு உங்களுக்கு வராது என்றே கணக்கு போடுங்கள். வந்தால் லாபம்.

படி 4: எல்லோரோடும் கூட்டணி வைக்க முடியாது

ராஜதந்திர உறவுகளுக்கு ஓர் உச்ச எண் உண்டு. அதைத் தாண்டினால் மாதாமாதம் ராஜதந்திரப் புள்ளிகள் போகும். ஒரே நாட்டோடு கூட்டணியும் கல்யாணமும் வைத்தால் அது ஓர் இடத்தைத்தான் எடுக்கும், இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கூட்டணி வைத்தால் அவர் அழைக்கும் போருக்கும் போக வேண்டி வரும். மறுத்தால் கூட்டணி முறியும், கௌரவமும் குறையும், அந்த வாக்கும் ஆட்டம் காணும். அதனால் கையெழுத்திடும் முன் அந்த எலெக்டரின் எதிரிகள் யார் என்று பாருங்கள். பிராண்டன்பர்க்கின் எதிரியாக சாக்ஸனி இருக்கும்போது இருவரையும் கூட்டாளியாக்கினால் இருவருக்கும் உங்கள் மேல் மனத்தாங்கல்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரோடு கூட்டணி, இன்னொருவரோடு வெறும் நட்பு என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆலோசகர்களில் 'ஸ்டேட்ஸ்மேன்' கிடைத்தால் வேலைக்கு வையுங்கள். அவர் ராஜதந்திர மதிப்பைக் கூட்டுவார், அது ஏழு பேரிடமும் ஒரே நேரத்தில் பலன் தரும்.

படி 5: நிலத்தைத் தொடும் முன் பேரரசரின் வயதைப் பாருங்கள்

நான் பட்டத்தை இழந்தது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பவேரியப் பக்கம் ஒரு போரில் ஜெயித்திருந்தேன். தோற்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கும் சமாதானத் திரையில் இரண்டு மாகாணங்களைத் தொட்டேன், மூன்றாவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதையும் தொட்டேன். ஒவ்வொரு முறை தொடும்போதும் 'அக்ரஸிவ் எக்ஸ்பான்ஷன்' என்ற எண் ஏறியது. ஆக்கிரமிப்பைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கொள்ளும் கோபம் அது. பேரரசுக்குள் இருக்கும் நிலத்தைப் பிடித்தால் பேரரசின் மற்ற உறுப்பினர்களுக்கு அந்தக் கோபம் கூடுதலாக ஏறும். எலெக்டர்கள் ஏழு பேரும் அந்த உறுப்பினர்களில்தான் இருக்கிறார்கள். சமாதானம் ஆன மறுநாள் பலாட்டினேட் என்னைவிட்டுப் போனது. அடுத்து மைன்ஸ். நான் பேரரசுத் திரையைத் திறக்கவே இல்லை, அடுத்த போருக்குப் படை சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடத்தில் பிரீட்ரிச் இறந்தார்.

இந்தக் கோபம் ஆற வருடக்கணக்காகும். வரலாற்றில் மூன்றாம் பிரீட்ரிச் 1493 வரை வாழ்ந்தார். கேமில் அப்படி எந்த உறுதியும் இல்லை, எந்த மாதமும் இறக்கலாம். ஆகவே என் வழக்கம் இது: அரசர் இளமையாக இருக்கும்போது பேரரசுக்குள் நிலம் பிடிப்பேன், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு மாகாணம். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டால் பேரரசுக்குள் ஓர் அங்குலமும் தொடமாட்டேன். படை சும்மா இருக்க வேண்டாம் என்றால் கிழக்கே, பேரரசுக்கு வெளியே போகலாம்.

படி 6: பணத்தைக் கடைசியில் இறக்குங்கள்

பரிசாகப் பொன் அனுப்பினால் நல்லெண்ணம் உடனே ஏறும், அப்புறம் தேய்ந்துவிடும். அரசருக்கு வயதாகி, ஒரு வாக்கு ஊசலாடும்போது அனுப்பினால்தான் அதற்கு மதிப்பு.

1519-இல் நடந்ததும் இதுவே. ஜனவரியில் பேரரசர் மாக்சிமிலியன் இறந்ததும் அவருடைய பேரன் சார்லஸும் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவாவும் பட்டத்துக்குப் போட்டியிட்டார்கள். சார்லஸ் தரப்பு ஏறத்தாழ 8,50,000 கில்டர் (அன்றைய பொற்காசு) செலவழித்தது. அதில் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்தது ஆக்ஸ்பர்க்கின் வங்கியாளர் யாக்கோப் ஃபுக்கர். ஜூன் 28-இல் பிராங்க்பர்ட்டில் எலெக்டர்கள் சார்லஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆறு மாதத்தை நினைத்துக்கொண்டு கஜானாவில் எப்போதும் சில பரிசுகளுக்கான பொன்னை ஒதுக்கி வையுங்கள்.

போலந்தை எடுத்திருந்தால்

இது வேறு வகைத் தேர்தல், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய நாள், 1444 நவம்பர் 10-இல், வர்னா போரில் போலந்து மன்னர் மூன்றாம் விளாதிஸ்லாவ் இறந்தார். அதனால் தொடக்கத்திலேயே அரியணைக்கு யார் என்று போலந்திடம் கேட்கப்படும். லிதுவேனியாவின் காசிமிரைத் தேர்ந்தால் லிதுவேனியா உங்கள் அரசரின் கீழ் சேர்ந்துவிடும். உள்ளூர்ப் பிரபுவைத் தேர்ந்தால் அந்தப் பெரிய நாடு தன் வழியில் போகும். முதல் ஆட்டத்தில் காசிமிரையே தேருங்கள். ஒரு கிளிக்கில் இவ்வளவு பெரிய துணை கிடைக்கும் வாய்ப்பு ஆட்டத்தில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

படி 7: மதம்

1500-க்குப் பிறகு சீர்திருத்தம், அதாவது கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த புராட்டஸ்டண்ட் மதம், பரவும். புராட்டஸ்டண்ட் ஆன எலெக்டர் ஒருவரின் வாக்கு கத்தோலிக்கப் பேரரசரான உங்களுக்கு எட்டாத தூரம் போகலாம். உங்களுக்கு உறுதியான நான்கு எலெக்டர்களில் யாருடைய நாட்டில் புதிய மதம் பரவுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். இன்னொருவரை இப்போதே வளைத்துப் போடுவதற்கு அதுவே அடையாளம்.

படி 8: வாரிசு மகளா?

சாதாரண விதிகளில் பெண் அரசர் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட மாட்டார். ஏழு வாக்கும் கையில் இருந்தாலும் பயனில்லை. இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் பலர் பட்டத்தைக் கோட்டைவிடுகிறார்கள். எனவே வாரிசு பிறந்ததும் அரசவைத் திரையைப் பாருங்கள்.

வாரிசு மகள் என்றால் கேள்வி மாறிவிடுகிறது: பட்டம் நமக்கு இல்லை என்றால் யாருக்குப் போகலாம்? பகை நாட்டுக்குப் போனால், அநியாயமாகப் பிடித்தது என்று சொல்லி பேரரசுக்குள் உங்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஆகவே அந்தச் சில வருடங்களில் இரண்டாம் இடத்தில் இருப்பவர் யார் என்று பார்த்து, அவரையே கூட்டாளி ஆக்கிக்கொள்ளுங்கள். எலெக்டர்களோடு இருக்கும் நட்பையும் விட்டுவிடாதீர்கள், அடுத்த அரசர் ஆணாக இருக்கலாம்.

ஆஸ்திரியா இதை நிஜத்திலேயே அனுபவித்தது. 1740-இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் இறந்தபோது வாரிசாக இருந்தவர் மகள் மரியா தெரேசா. 1742-இல் எலெக்டர்கள் பவேரியாவின் சார்லஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 1745 ஜனவரியில் இறந்தார். மரியா தெரேசா எலெக்டர்களோடு பேசிப் பேசி, அதே வருடம் செப்டம்பரில் பிராங்க்பர்ட்டில் தன் கணவர் பிரான்சிஸ் ஸ்டீபனைப் பேரரசர் ஆக்கினார்.