டீசல் காரில் புதுச் சத்தமா? காதை மட்டும் நம்பி பார்ட்ஸ் வாங்காதீர்கள்

டீசல் இன்ஜின் நன்றாக இருக்கும்போதே கடகடவென்றுதான் ஓடும். காற்றை 16 முதல் 18 மடங்கு வரை அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலைப் பற்றவைக்கும் இன்ஜின் அது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்னும் கொஞ்சம் கரகரக்கும். கவலைப்பட வேண்டியது நேற்றுவரை இல்லாத சத்தத்துக்கு. அதைத் தேடும்போது நடக்கும் தவறுகள்தான் பல சமயம் பழுதைவிடப் பெரிய செலவு வைக்கின்றன.

முதல் தவறு, காரைச் சூடாக ஓட்டிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் நிறுத்துவது. "வீட்டுல சத்தம் வந்துச்சு, இங்க வந்தா வரலையே" என்பது எல்லாப் பட்டறையிலும் தினமும் கேட்கிற பேச்சு. வால்வை இயக்கும் டேப்பட்டில் ஆயில் வடிந்திருப்பது, டைமிங் செயினை இறுக்கும் டென்ஷனரின் தளர்வு, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் கசிவு ஆகிய மூன்றும் பெரும்பாலும் குளிர்ந்த இன்ஜினில்தான் கேட்கும். ஆயில் ஏறியதும், இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கிவிடும். எனவே முந்தின நாள் மாலையே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். காலையில் முதல் செல்ஃப் மெக்கானிக் அடிக்கட்டும். எப்போது வருகிறது என்பதையும் சொல்லுங்கள்: குளிரிலா சூட்டிலா, ஐடிலிலா ரேஸ் செய்யும்போதா, ஏசி போட்டாலா, க்ளட்ச் மிதித்தால் மாறுகிறதா. எங்கிருந்து வருகிறது என்ற உங்கள் ஊகத்தைவிட அவருக்கு இது உதவும். ஏனென்றால் இரும்பில் சத்தம் எங்கும் பரவும். பின்பக்கத்துத் தட்டல் முன்னால் கேட்கும்.

டிப்ஸ்டிக்கை மறப்பது

சத்தம் என்றதும் பானெட்டைத் திறந்து காதை நீட்டுகிறார்கள். ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்ப்பவர் குறைவு. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்.

நம் சாலைகளில் இன்னும் நிறைய ஓடும் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். மாருதியில் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட் என்று பெயர் மாறினாலும் உள்ளே ஒன்றுதான். வால்வுகளை பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்க இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கும், வால்வ் இடைவெளியைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பட்டுக்கும் பலம் ஆயில் பிரஷரிலிருந்துதான் வருகிறது. ஆயில் குறைந்தாலோ கெட்டுப்போனாலோ இரண்டுமே சத்தம் கொடுக்கும். 2020 ஏப்ரலில் மாருதி டீசல் கார் விற்பதை நிறுத்திவிட்டதால், இப்போது கைமாறும் வண்டிகள் எல்லாம் வயதானவை. ஸ்டார்ட் ஆனவுடன் இரண்டு மூன்று விநாடி, பெல்ட் பக்கத்து மூடிக்குள்ளிருந்து சங்கிலியை உலுக்குவது போல் கேட்டால் தள்ளிப்போட வேண்டாம். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் போய்விடும். செயினை மட்டும் மாற்றுவதும் அரைகுறை வேலை. டென்ஷனர், கைடு, பற்சக்கரம் எல்லாம் செட்டாக மாற வேண்டும்.

இங்கே இன்னொரு நாட்டு வைத்தியம் உண்டு: "வண்டி பழசு, கெட்டி ஆயில் ஊத்துங்க, சத்தம் அடங்கிடும்." 5டபிள்யூ30 என்ற இளக்கமான ஆயில் கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றினால், சூட்டில் சில தட்டல்கள் அமுங்குவது உண்மைதான். ஆனால் காலையில் அது டேப்பட்டுக்கும் டென்ஷனருக்கும் போய்ச் சேரத் தாமதமாகும். தேய்மானம் பெருமளவு நடப்பதே அந்த முதல் விநாடிகளில்.

பிஎஸ்6 மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியில் நேர்மாறாக, ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கலாம். புகை ஃபில்டரை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாக டீசல் பாய்ச்சும். குறுகிய ஓட்டத்தில் அந்த வேலை பாதியில் நின்றால் டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை அடித்து, ஆயில் தண்ணீர் போல் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது

இது உயிரோடு விளையாடுவது. பழைய ஜீப், அம்பாசிடர் டீசலில் எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று பார்க்க, ஓடும் இன்ஜினில், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தினால் தட்டல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. அந்த இன்ஜெக்டர் நாசில்கள் 200 பார் அழுத்த அளவில் திறந்தவை. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் கொடுக்கும் இன்றைய காமன் ரயிலில் ஐடிலிலேயே 250, 300 பார் இருக்கும். முழு லோடில் 1,600, சிலவற்றில் 2,000 பார். ஒப்பிட, உங்கள் டயரில் இருப்பது 2.2 பார். மயிரிழை போல் பீறிடும் டீசல் கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் போகும். வெளியே ஊசி குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இராது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி நடந்தால் கழுவிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் "அதிக அழுத்தத்தில் டீசல் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்குவதும் வேண்டாம். பியசோ வகை இன்ஜெக்டராக இருந்தால் திறந்த நிலையிலேயே நின்று சிலிண்டரில் டீசலைக் கொட்டிவிடக்கூடும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற திருத்த அளவு தெரியும். மூன்று பூஜ்யத்தை ஒட்டி இருக்க ஒன்று மட்டும் வெகுதூரம் விலகி நின்றால், முதலில் அங்கே தேடுங்கள். நான்கு சின்னப் பாட்டில் வைத்து இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் டீசலை அளக்கும் சோதனையும் நல்லதுதான். ஆனால் அது உள்கசிவை மட்டுமே காட்டும். அளவு சரியாக இருப்பதாலேயே இன்ஜெக்டர் தட்டாது என்று ஆகிவிடாது.

இன்ஜெக்டரை மாற்றியபின், அல்லது இடம் மாற்றிப் போட்டபின் தட்டல் கூடினால், அதன் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை கம்ப்யூட்டரில் ஏற்றினார்களா என்று கேளுங்கள். கழற்றும்போது 1, 2, 3, 4 என்று குறிக்காமல் டிரேயில் கொட்டுகிற பட்டறையில் இந்தத் தலைவலி நிச்சயம்.

இன்ஜெக்டர் அடியிலிருந்து நீராவி ரயில் போல் 'சக் சக்' என்று வந்து, கேபினுக்குள் புகை வாடையும் அடித்தால், கீழே இருக்கும் செப்பு வாஷர் விட்டுவிட்டது. சுற்றிலும் தார் போல் கருப்பு இறுகியிருக்கும். போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவது தீர்வாகாது. கழற்றி, அது உட்காரும் இடத்தைக் கட்டரால் சுத்தம் செய்து, புது வாஷரும் புது போல்ட்டும் போட வேண்டும். விட்டுவைத்தால் இன்ஜெக்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

காதை வைக்கும் விதம்

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைப்பது பழைய முறை, இன்றும் பலிக்கிறது. தவறு, ஒரே இடத்தில் கேட்டுவிட்டு முடிவெடுப்பது. நான்கு இன்ஜெக்டரிலும் ஒரே உயரத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை பெல்ட் பக்கம் போகக் கூடாது. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டின் முனையில் உள்ள வேக்வம் பம்ப் இயல்பாகவே டிக்கடிக்கும். அதைப் 'பழுது' என்று கழற்றியவர்கள் ஏராளம்.

வேகத்தையும் கவனியுங்கள். ஐடில் 840 ஆர்பிஎம் என்றால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) விநாடிக்கு 14 முறை சுற்றுகிறது, ஒரு சிலிண்டர் 7 முறைதான் எரிகிறது. ஒரு வால்வோ ஒரு இன்ஜெக்டரோ தட்டினால் அந்த 7-இன் தாளம், ஓரளவு எண்ணக்கூடிய 'டிக் டிக்'. அதைவிட இரு மடங்கு வேகத்தில் வந்தால் கிராங்க் புல்லி, ஃப்ளைவீல் பக்கம் பாருங்கள்.

க்ளட்ச் மிதித்ததும் நிற்கும் சத்தம் கியர்பாக்ஸ் பேரிங்குடையது. மிதித்ததும் வருவது ரிலீஸ் பேரிங். இதை இன்ஜின் சத்தம் என்று நினைத்து ஹெட்டைத் திறப்பது கொடுமை.

பெல்ட் கீச்சிட்டால் துருநீக்கி ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ரப்பர் கெடும். பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்: சத்தம் சற்றுநேரம் நின்றால் புல்லி நேர்க்கோட்டில் இல்லை, கூடினால் பெல்ட் தளர்வு.

விசில் என்றாலே டர்போ என்பதும் அவசர முடிவு. மெல்லிய விசில் இயல்பு. மேட்டில் ஏறும்போது 'உஸ்ஸ்' என்ற சத்தமும் கரும்புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால், முதலில் டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸையும் கிளாம்ப்பையும் பாருங்கள். ஆயில் பிசுக்கு படிந்த இணைப்புதான் வழக்கமான இடம். ஆம்புலன்ஸ் சைரன் போல் ஏறி இறங்கும் ஊளை வந்து, ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டமும் தெரிந்தால், அப்போது டர்போ என்று சொல்லலாம்.

"மெதுவா ஓட்டிட்டே போயிடலாம்"

அடியிலிருந்து கனமான 'டொக் டொக்', ரேஸ் செய்தால் கூடுகிறது, கூடவே ஆயில் விளக்கும் மினுக்குகிறது என்றால் அது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம். அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். பேரிங்கோடு முடிய வேண்டிய வேலை, இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் கிராங்க்கையும் பிளாக்கையும் சேர்த்து இழுத்துவிடும். பட்டறையில் ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து, ஃபில்டரை அறுத்து, மடிப்புகளில் உலோகத் துகள் மினுமினுப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இந்தத் தட்டல் வேறு விதமாகவும் வரும். 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் பலர் செய்த தவறு, தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்துப் பார்த்தது. தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே கொஞ்சம் இருந்தாலும் ராடு வளையும். வளைந்த ராடோடு இன்ஜின் ஓடிவிடக்கூட செய்யும், தட்டல் மட்டும் தங்கிவிடும். முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் சாவியைத் தொடாமல், குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றிவிட்டு கிராங்க்கைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகுதான் செல்ஃப்.